தாழ்ந்த உத்தரமும் உயர்ந்த தரையும்

சென்ற ஆண்டு மாட்டுப் பொங்கலன்று காலையில், கும்பகோணத்துக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில், 74 வயதான எங்கள் தந்தை தலையை உத்தரத்தில் இடித்துக்கொண்டார். கூடத்திலிருந்து அடுக்களைக்குச் செல்லும் நடையின் தொடக்கத்தில் குறுக்காக ஓடும் தேக்கு உத்தரம் அது. 1938இல் எங்கள் பாட்டனார் வீட்டைக் கட்டியபோது ஏற்றிவைத்தது. அந்த உத்தரத்தில் இடித்துக்கொள்ளாதவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. மருமகள்களும் மருமகன்களும் இடித்துக்கொண்ட பிறகுதான் இந்த வீட்டு மனிதர்கள் ஆனார்கள் என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆகவே அன்றும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் வரவில்லை, வீக்கமும் சிறிதுதான். அம்மா விபூதியைக் குழைத்துத் தடவினார். தந்தையும் சற்று நேரத்தில் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டப் போய்விட்டார்.

விடுமுறை முடிந்து நாங்கள் பணியாற்றும் அகமதாபாத்துக்குத் திரும்பினோம். 25 நாள்கள் கழித்து ஓர் இரவு தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தது. அப்பா இரண்டு நாள்களாக அதிகமாகத் தூங்குகிறார், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறார், பேச்சு குழறுகிறது என்றான். பக்கவாதம் என்றே எல்லோரும் அஞ்சினோம். தஞ்சாவூரில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில் தலையில் அடிபட்டதா?" என்பதுதான். உத்தரம் எங்கள் நினைவுக்கு வர ஒரு நிமிடம் பிடித்தது.

இதய நோய்க்காகத் தந்தை ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குவதால், மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே செல்லும் மெல்லிய ரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கும். இளைஞருக்கு ஒன்றும் செய்யாத இடி முதியவருக்கு அந்த நாளத்தைக் கிழித்துவிடலாம். கசிவு மிக மெதுவாக நிகழும். அறிகுறி தெரிய வாரங்கள் ஆகும். மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டுத் தேங்கிய ரத்தத்தை வெளியேற்றினார்கள். தந்தை பிழைத்தார். பத்து நாள்களில் பேச்சு தெளிந்தது. வீட்டுக்கு அழைத்து வரலாம் என்று மருத்துவர் சொன்னபோதுதான் எங்களுக்கு அடுத்த கவலை பிறந்தது. அவரை அழைத்துச் செல்ல வேண்டிய வீட்டில் அதே உத்தரம் அதே உயரத்தில் காத்திருந்தது.

இந்த இதழின் வாசகர்களில் பலர் எங்களைப் போலவே பழைய வீடு ஒன்றை ஊரில் வைத்திருப்பவர்கள். வயதான பெற்றோரை அங்கே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் நாங்கள் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம்.

வெட்டலாமா, இடிக்கலாமா?

தம்பியின் முதல் யோசனை வீட்டின் பின்கட்டையே இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டுவது. மதிப்பீடு வாங்கினான், 9 லட்சம் ரூபாய் என்று வந்தது. இரண்டாவது யோசனை, உத்தரத்தின் அடிப்புறத்தை இரண்டு அங்குலம் செதுக்கிவிடுவது. "பத்து அங்குலக் கனம் இருக்கிறது, இரண்டு அங்குலம் போனால் என்ன?" என்பது அவன் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றியது.

வணிகவியல் படித்துவிட்டு வங்கிக்கு வந்த எங்களுக்கு மரத்தின் பலம் பற்றி ஒன்றும் தெரியாது. கட்டடப் பொறியாளரான நண்பர் ஒருவர் அதை எங்களுக்குப் புரியும் கணக்காகச் சொன்னார். செவ்வக உத்தரத்தின் தாங்கும் வலிமை அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து அங்குலத்தை எட்டாகக் குறைத்தால் வலிமை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நாம் நினைப்போம். உண்மையில் பத்தின் வர்க்கம் 100, எட்டின் வர்க்கம் 64. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வலிமை போய்விடும். வளையாமல் நிற்கும் விறைப்போ உயரத்தின் கனத்தைப் பொறுத்தது. பத்துக்கு ஆயிரம், எட்டுக்கு 512. விறைப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். மேலே நாட்டு ஓடும் கைமரங்களும் அப்படியே இருக்க, தாங்கும் மரம் மட்டும் மெலிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேலும் ஒன்றைச் சொன்னார். சுமை தாங்கும் உத்தரத்தில் மேற்புறம் நசுங்கவும் அடிப்புறம் இழுபடவும் முயலும். நடுப்பகுதியின் அடிப்புறமே மிகுதியான இழுவிசையைச் சுமக்கும் இடம். தலையில் இடிப்பதும் அந்த அடிப்புறமே. ஆகவே அங்கே செதுக்குவதோ, வெட்டுவதோ, பெரிய திருகாணிகளை ஆழமாக இறக்குவதோ கூடாது. கூரிய விளிம்பை உப்புத்தாள் கொண்டு உருட்டலாம். அதுவும் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எதைச் செய்வதற்கு முன்பும் உத்தரம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். கறையான் அரித்த மரம் பொள்ளலான ஓசை தரும். சுவருக்குள் நுழையும் இரு முனைகளையும் குறிப்பாகப் பார்க்க வேண்டும். ஈரம் தங்கி மரம் உளுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அளந்தபோது தெரிந்த உண்மை

உத்தரத்தைப் பார்க்க வந்த ஆசாரி வெகுநேரம் மேலே பார்க்கவில்லை, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தந்தையிடம், "உத்தரம் இறங்கவில்லை ஐயா, உங்கள் தரைதான் ஏறியிருக்கிறது" என்றார்.

அளந்து பார்த்தோம். கூடத்தின் தரையிலிருந்து உத்தரத்தின் அடிப்புறம் வரை 5 அடி 10 அங்குலம். நடையின் தரையிலிருந்து அதே உத்தரம் வரை 5 அடி 5 அங்குலம். தந்தையின் உயரம் 5 அடி 6 அங்குலம். கூடத்தில் இன்றும் பாட்டனார் காலத்துச் சிவப்புக் காவித் தரைதான் இருக்கிறது. நடையிலோ 1990களில் ஒருமுறை மொசைக் போட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் அதன் மேலேயே சிமெண்டுப் படுகை அமைத்து டைல்ஸ் ஒட்டினோம். பழைய தரையை உடைத்தெடுக்கும் செலவை மிச்சப்படுத்துகிறோம் என்று அப்போது மகிழ்ந்தோம். இருமுறையும் சேர்த்து ஐந்து அங்குலம் ஏறிவிட்டது. அதனால் கூடத்துக்கும் நடைக்கும் இடையே, மிகச் சரியாக உத்தரத்துக்குக் கீழேயே, இல்லாதிருந்த ஒரு படி முளைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்த கதை அன்று இது. தெருவில் சாலையை ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே போடுகிறார்கள், தெரு உயர்கிறது. மழைநீர் உள்ளே வராமலிருக்க வாசலையும் தரையையும் நாம் உயர்த்துகிறோம். கூரை மட்டும் அப்படியே நிற்கிறது. பழைய வீடுகளில் "நிலை குட்டையாக இருக்கிறது" என்று நாம் குறை சொல்லும் இடங்களில் பாதி, தரை உயர்ந்த இடங்களாகவே இருக்கக் கூடும். உங்கள் வீட்டிலும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

மற்ற பாதி, முன்னோர் அறிந்தே தாழ்வாக அமைத்தவை. கேரளத்து வீடுகளின் சாய்கூரை இறவாணம் தாழ்ந்திருப்பது அடைமழைச் சாரலுக்காக. இமாசலப் பிரதேச மலை வீடுகளில் வாசல் சிறியதாக இருப்பது குளிருக்காக. நம் ஊர்ப் பக்கம் தாழ்வாரம் தாழ்ந்திருப்பது வெயிலுக்கும் மழைக்கும் சேர்த்து. காரணத்தோடு தாழ்ந்த கூரையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதனோடு பாதுகாப்பாக வாழ வழி தேட வேண்டும்.

புதிதாகக் கட்டுவோர் ஒன்றை மனத்தில் வைக்கலாம். இந்திய தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, மனிதர் வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரமும், உத்தரத்துக்குக் கீழே குறைந்தது 2.4 மீட்டர் இடைவெளியும் வேண்டும் என்கிறது. 2.4 மீட்டர் என்பது ஏறத்தாழ 7 அடி 10 அங்குலம். நாங்கள் அளந்தது 5 அடி 5 அங்குலம்!

ஏன் இடித்துக்கொள்கிறோம்?

எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருக்கும் உத்தரத்தில், அந்த வீட்டிலேயே பிறந்தவர் எப்படி இடித்துக்கொள்கிறார்? தந்தையை மெதுவாக நடக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று கவனித்தோம். மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, படி. படியைக் கண்டதும் கண் காலுக்குப் போகிறது. காலைத் தூக்கி வைத்ததும் உடல் ஐந்து அங்குலம் உயர்கிறது. கண் கீழே இருக்கும் அந்த நொடியில் தலை மேலே போகிறது. இரட்டைக் குவியக் கண்ணாடி அணியும் முதியவர்கள் படியைப் பார்க்கத் தலையை இன்னும் குனிந்து, ஏறியதும் சட்டென்று நிமிர்கிறார்கள்.

இரண்டாவது, வெளிச்சம். முற்றத்து வெயிலிலிருந்து இருண்ட நடைக்குள் நுழைகிறோம். கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகும். வயதான கண்ணுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். அதற்குள் உத்தரத்தைக் கடந்திருப்போம், அல்லது இடித்திருப்போம்.

மூன்றாவது, நிறம். பழுப்பேறிய தேக்கு, அதற்குப் பின்னால் புகையேறிய கூரை. இரண்டும் ஒரே நிறம். உத்தரத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

உயரம், படி, வெளிச்சம், நிறம் என்று நான்கும் சேர்ந்தே ஆபத்தை உண்டாக்குகின்றன. நான்கையும் தனித்தனியே சரிசெய்தால், உத்தரத்தைத் தொடாமலேயே ஆபத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தோம். தம்பி அரைமனத்துடன் ஒப்புக்கொண்டான்.

தரையை இறக்கினோம்

வைகாசியில் வேலையைத் தொடங்கினோம். நடை 4 அடி அகலம், 18 அடி நீளம். கொத்தனார் டைல்ஸையும் அதன் கீழிருந்த மொசைக்கையும் பெயர்த்தெடுத்தார். அடியில் பழைய காவித் தரை தெரிந்தது. அதைக் காப்பாற்ற விரும்பினோம். ஆனால் மேலே போட்ட காரை பற்றிப் பல இடங்களில் சிதைந்திருந்தது. ஆகவே ஓர் அங்குலம் ஆழமாகத் தோண்டி, கூடத்துத் தரையின் மட்டத்துக்குப் புதிதாகக் காவித் தரையே போட்டோம். படி மறைந்தது. உத்தரம் 5 அடி 10 அங்குல உயரத்துக்குத் திரும்பியது.

ஆனால் நடையின் மறுமுனையில் ஒரு புதிய சிக்கல். அடுக்களையின் தரையும் முன்பே உயர்த்தப்பட்டிருந்ததால், இப்போது அங்கே ஐந்து அங்குலப் படி உண்டாயிற்று. ஒரு படியை எடுத்து வேறிடத்தில் வைத்ததுபோல் ஆகிவிடக் கூடாது. எனவே கடைசி ஐந்து அடியைச் சரிவாக அமைத்தோம். ஓர் அங்குலம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சக்கர நாற்காலிச் சரிவுக்குச் சொல்லப்படும் கணக்கு. ஐந்து அங்குலத்துக்கு அறுபது அங்குலம், அதாவது ஐந்து அடி. சரிவின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டோம். சுவரோரம் மரக் கைப்பிடி பொருத்தினோம்.

தரையை இறக்க நினைப்பவர்கள் முதலில் மழைநீரின் போக்கைப் பார்க்க வேண்டும். எங்களுடையது வீட்டின் உட்பகுதி. முற்றத்து நீர் வேறு பக்கம் ஓடுகிறது. தெருவோரம் உள்ள ரேழியிலோ திண்ணையை ஒட்டிய அறையிலோ இதைச் செய்தால் வீட்டுக்குள் வெள்ளம் வரக்கூடும். தரைக்குக் கீழே செல்லும் கழிவுநீர்க் குழாய்களையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். அஸ்திவாரத்தின் மேற்பகுதி தெரியும் அளவுக்கு எங்கும் தோண்டக் கூடாது.

மெத்தை, ஜமுக்காளம், தோரணம்

தந்தைக்கு இனி இடிக்காது. ஆனால் எங்கள் மகன் 5 அடி 11 அங்குலம்; இன்னும் வளர்கிறான். அவனுக்கும் உயரமான விருந்தினருக்கும் உத்தரம் கண்ணில் படவும் வேண்டும், தப்பித் தவறி இடித்தால் வலிக்காமலிருக்கவும் வேண்டும்.

கடைகளில் குழந்தைகளுக்காக மேசை முனையில் ஒட்டும் நுரைப் பட்டிகள் கிடைக்கின்றன. வாடகை வீட்டுக்கு அவை போதும். ஆனால் கோடை வெப்பத்தில் பசை இளகிப் பழைய மரத்தில் கறை படிகிறது. நாங்கள் வேறு வழி கண்டோம். ரப்பர் ஊட்டிய தென்னை நார் மெத்தை விற்கும் கடையில் ஓர் அங்குலக் கனத்தில் நீளமான பட்டை வெட்டித் தரச் சொன்னோம். அதன் மேல் பவானி ஜமுக்காளத்தின் ஒரு துண்டைப் போர்த்தித் தைத்தோம். சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கோடுகள் ஓடும் ஜமுக்காளம், பழுப்புத் தேக்கின் மேல் திருவிழாக் கோலமாக விளங்குகிறது. உத்தரத்தின் அடிப்புறத்தையும் இரு விளிம்புகளையும் அது மூடுகிறது. ஆணி அடிக்கவில்லை, பருத்தி நாடாக்களால் உத்தரத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். ஆண்டுக்கு இருமுறை அவிழ்த்துத் துவைக்கலாம். அப்போதே மரத்தில் கறையான் மண் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இதனால் உயரத்தில் ஓர் அங்குலம் குறைந்து 5 அடி 9 அங்குலம் ஆனது. தந்தைக்கு மூன்று அங்குலம் இடைவெளி இருக்கிறது.

துணி பிடிக்காதவர்கள் உத்தரத்தின் முகப்பில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டலாம். கோயில் மதிலில் நாம் காணும் அதே பட்டைகள். தொலைவிலிருந்தே கண்ணைப் பிடிக்க அதைவிடச் சிறந்த வண்ணச் சேர்க்கை நம்மிடம் இல்லை. தேக்கின் மேல் எனாமல் பெயிண்ட் அடிக்க மனம் வராதவர்கள், வண்ணத்தை மெல்லிய பலகையில் தீட்டி உத்தரத்தின் பக்கவாட்டில் பொருத்தலாம்.

மூன்றாவது யோசனை அகமதாபாத்திலிருந்து வந்தது. 2017இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட அந்நகரின் பழைய பகுதியில், 'போள்' எனப்படும் சந்துகளில் மரச்சட்ட வீடுகள் நிறைய உண்டு. குஜராத்தியர் வாசல்நிலையில் மணிகளும் கண்ணாடிச் சில்லுகளும் தைத்த தோரணம் கட்டுவார்கள். எங்களுடன் பணியாற்றும் நண்பர் வீட்டில் அது சற்றுத் தாழ்வாகவே தொங்கும். உயரமானவர் நெற்றியில் முதலில் தோரணம் படும். அவர் தாமாகக் குனிவார். மின்மயமான ரயில் பாதையைக் கடக்கும் சாலையில், லாரிகளுக்காக முன்கூட்டியே நிறுத்தியிருக்கும் உயரக் கட்டையின் வேலையும் இதுவே. நாங்களும் உத்தரத்துக்கு ஓர் அடி முன்பாக, இரு பக்கமும், அத்தகைய தோரணத்தைக் கட்டினோம். நாள் கிழமைகளில் மாவிலை அந்த இடத்தைப் பெறுகிறது. அடுப்புக்கும் குத்துவிளக்குக்கும் எட்டாத தொலைவில் மட்டுமே துணியும் தோரணமும் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக வெளிச்சம். உத்தரத்தின் மேலேயே விளக்கைப் பொருத்தினால் கண் கூசும். விளிம்பு இன்னும் மறையும். பக்கச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு விளக்கும், உத்தரத்துக்கு அப்பால் கூரையை நோக்கி ஒளி வீசும் இன்னொன்றும் வைத்தோம். பின்புறம் வெளிச்சம் பெற்றதும் உத்தரம் தெளிவாகத் தெரிகிறது. ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்கு ஒன்று, இரவில் தண்ணீர் குடிக்க எழுபவருக்காக. பழைய வீடுகளில் மரத்தின் மேல் மின்கம்பியைத் திறந்தபடி ஓடவிடாமல் குழாய்க்குள் செலுத்துவதும், மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்துவதும் அவசியம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு

உத்தரம் இல்லாத வீட்டில் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். மாடிப்படியின் அடிப்பகுதி, பரணின் விளிம்பு, நடைபாதைப் பக்கம் வெளியே திறக்கும் ஜன்னல் கதவு, தாழ்வாகப் பொருத்திய குளிர்சாதனக் கருவி, சன்ஷேடு ஆகியவை அனைத்தும் தலைக்கு வரும் உத்தரங்களே. ஜன்னல் கதவு போன்றவற்றுக்கு எளிய வழி, அதற்குக் கீழே யாரும் நடக்க முடியாதபடி ஒரு தொட்டிச் செடியை வைத்துவிடுவது. கான்கிரீட் உத்தரத்தைக் கொத்துவது மரத்தைச் செதுக்குவதைவிட ஆபத்தானது. அடிப்புறக் காரைக்குள் இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. காரை போனால் கம்பி துருப்பிடிக்கும். மேலும் அந்த உத்தரம் உங்கள் ஒருவருடையதன்று; மேல்தளத்தாரின் வீட்டையும் அதுவே தாங்குகிறது.

செலவும் காகிதங்களும்

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 41,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதில் பெரும்பகுதி தரைக்குச் சென்றது. மெத்தைப் பட்டை, ஜமுக்காளம், தோரணம் மூன்றுக்கும் சேர்த்து 3,400 ரூபாய். சேமிப்பிலிருந்தே கொடுத்துவிட்டோம்.

ஆனால் தம்பியின் 9 லட்ச ரூபாய்த் திட்டம் பேச்சில் இருந்தபோது, வீடு பழுதுபார்க்கும் கடனுக்காகக் காகிதங்களை எடுத்தோம். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருந்தது! வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், பெயர் மாற்றம் செய்யுங்கள் என்று இருபது ஆண்டுகளாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவந்த எங்கள் வீட்டின் நிலை இது. தந்தைக்கு இரண்டு சகோதரிகள், அவர்களும் வாரிசுகள். அவர் மயங்கிக் கிடந்த அந்த நாள்களில் ஏதேனும் நேர்ந்திருந்தால் சிக்கல் இன்னும் ஒரு தலைமுறைக்கு நீண்டிருக்கும். அத்தைமார் இருவரும் மனமுவந்து கையெழுத்திட்டார்கள். ஆடியில் பட்டா மாறியது. உங்கள் ஊர் வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை இவ்வாரமே பார்த்துவிடுங்கள்.

பெரிய வேலைக்குக் கடன் வாங்குவோர் பொறியாளரின் மதிப்பீடு, வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கடன் தரும் வங்கி அளிக்கும் முக்கிய விவர அறிக்கையைப் படித்து, வட்டியுடன் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். தனிநபர் பெறும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணம் இல்லை.

காப்பீடு பற்றியும் ஒரு சொல். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் வரையிலான விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. ஆனால் அது 18 முதல் 70 வயது வரையுள்ளவர்களுக்கு. உத்தரம் மிகுதியாகத் தீங்கு செய்யும் வயதினர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு நாம் எடுக்கும் காப்பீடு, இடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

இடித்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இடிக்கும் நாள் வரலாம். 65 வயதைக் கடந்தவரோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரோ தலையில் இடித்துக்கொண்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம். இடித்த தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் விடாத தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மறதி, குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'வயதாகிவிட்டது, அதனால்தான்' என்று நாங்கள் இரண்டு நாள்களை வீணாக்கினோம். நல்வாய்ப்பாக அது எங்களை அழிக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில் கூடியிருந்தோம். மகன் தோரணம் நெற்றியில் பட்டுக் குனிந்து அடுக்களைக்குப் போவதைத் தந்தை கூடத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தலையில் முடி முளைத்துத் தழும்பு மறைந்துவிட்டது. தாமும் எழுந்து, காவித் தரையில் வெறுங்காலுடன் நடந்து, உத்தரத்துக்குக் கீழே நின்று, கையை உயர்த்தி ஜமுக்காளத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தபடியே அடுக்களைக்குள் சென்று, காபி ஆயிற்றா என்று அம்மாவிடம் கேட்டார்.